மலையைப் படித்துப் போட்ட சாலைகள்

காட்சிக்குப் பேர்போன மலைச்சாலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டிக் கண்ணாடிக்கு வெளியே தெரிவதைத்தான் எழுதுகிறார்கள்: கடல், பள்ளத்தாக்கு, மேகம். அந்தக் காட்சி அந்த உயரத்தில், அந்தத் திருப்பத்துக்குப் பிறகு கண்ணில் படும்படி செய்தவர் யார் என்று கேட்பவர் குறைவு. மலை தானாக யாருக்கும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதன் மேல் ஒரு கோடு போகிறது. அந்தக் கோடு எங்கே ஏற வேண்டும், எங்கே பாறையைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று ஒருவர் நடந்து பார்த்து முடிவு செய்திருக்கிறார். கோபுரத்தை ரசிக்கும்போது ஸ்தபதியை நினைக்கிறோம். மலைச்சாலையை ரசிக்கும்போது அதைப் போட்டவரை நினைக்காமல் போவது ரசனையில் உள்ள குறை என்பதே என் கட்சி. இதற்குச் சான்று தேடி உலகம் முழுக்க அலைய வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணம் ஒன்றே போதும். நூறு ஆண்டும் அதற்கு மேலும் பழைய சாலைகள், கடலை ஒட்டியும் மலையைத் தாண்டியும், அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. சொந்தமாக வண்டி ஓட்டிப் போகிறவர் ஒரு வாரத்தில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் கடலோரச் சாலை. கேப் டவுனுக்குத் தெற்கே ஹவுட் பேயையும் நூர்ட்ஹூக்கையும் இணைக்கும் சாப்மன்ஸ் பீக் சாலை 9 கிலோமீட்டர் நீளம். அதற்குள் 114 வளைவுகள். கேப் மாகாணத்தின் முதல் நிர்வாகியான டி வால் விடாப்பிடியாக நின்று போட வைத்த சாலை அது. 1915இல் தொடங்கி 1922இல் முடித்தார்கள். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் அந்த மலைப்பக்கத்தைக் கீழிருந்து பார்த்தால் சாலைக்கு இடமே இல்லை என்றுதான் தோன்றும். இடம் பாறையின் அமைப்பிலேயே இருந்தது. அந்த மலையின் அடிப்பாகம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய கருங்கல். அதன் தலையில், அதற்குப் பிந்திய காலத்தில் படிந்த மணற்கல்லும் களிமண்பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இரண்டும் சந்திக்கும் விளிம்பு ஏறக்குறைய மட்டமாக மலையைச் சுற்றி ஓடுகிறது. சாலையின் பெரும்பகுதி அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகிறது. கீழே உள்ள கருங்கல் அசையாத தளம். மேலே உள்ள அடுக்குப்பாறை வெட்டுவதற்கு இளகியது. இன்னும் கீழே இறங்கியிருந்தால் கருங்கல்லை உடைத்தே காலம் போயிருக்கும். இன்னும் மேலே ஏறியிருந்தால் கால் ஊன்ற உறுதியான தளம் கிடைத்திருக்காது. வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் திரும்பி நின்று பாருங்கள். சக்கரத்துக்குக் கீழே உருண்டு திரண்ட சாம்பல் நிறக் கல், தலைக்கு மேலே செம்பழுப்பு அடுக்குகள். சாலை போட்டவர்கள் அந்தப் பொருத்தைப் படித்திருக்கிறார்கள். படித்ததை 9 கிலோமீட்டருக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். பொறியாளர் தேடியது செலவு குறைந்த, உறுதியான வழி. அழகு தற்செயலாக வந்தது. அதைக் கலை என்று கொண்டாடுவது நாம் ஏற்றிச் சொல்வது. இந்த மறுப்பில் பாதி உண்மை. அவர்கள் சிக்கனத்தைத் தேடினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டுப்பாட்டுக்குள் நின்று வேலை செய்வது கலைக்குப் புறம்பானது என்று யார் சொன்னது? வெண்பாவுக்குத் தளை உண்டு. தளைக்கு அடங்கிய எல்லா வெண்பாவும் கவிதை ஆகிவிடுவதில்லை. ஆனவற்றில் தளையும் அழகும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. சாலைக்குத் தளை அதன் ஏற்றம்தான். சுமை ஏற்றிய மாட்டுவண்டி மூச்சு வாங்காமல் ஏறும் அளவுக்குச் சரிவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் நீளம் கூடும். கூடிய நீளத்தை எங்கே கொண்டு போய் மடிப்பது என்ற கேள்வி எழும். அந்த மடிப்பில்தான் சாலை போட்டவரின் கை தெரிகிறது. நம் ஊரில் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40 என்று எண்ணிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. இந்த வளைவு இல்லாமல் இந்தச் சரிவை வேறு எப்படித் தாண்டியிருக்க முடியும் என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத வளைவு தேர்ந்த கையின் வேலை.

அப்படிப்பட்ட கை இரண்டு தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்தது. 1797இல் ஸ்காட்லாந்தில் பிறந்து கேப்புக்கு வந்த ஆண்ட்ரூ கெடஸ் பெயின் சேணம் தைக்கும் தொழிலாளி. பொறியியல் படித்தவரல்ல. சாலை வேலைக்காகப் பாறையை வெட்டத் தொடங்கியவர் பாறைக்குள் இருந்த புதைபடிவங்களைக் கண்டு அதில் மனம் தோய்ந்தார். தென்னாப்பிரிக்க நிலவியலின் தந்தை என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். சாலை போட்ட கையும் பாறையைப் படித்த கண்ணும் ஒருவருக்கே வாய்த்தன என்பது என் வாதத்துக்குப் பெரிய பலம். 1853இல் திறக்கப்பட்ட பெயின்ஸ் குளூஃப் கணவாய் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மகன் தாமஸ் தந்தையிடமே தொழில் கற்று, இருபதுக்கும் மேற்பட்ட கணவாய்ச் சாலைகளைப் போட்டார். அவற்றின் உச்சம் ஸ்வார்ட்பெர்க் கணவாய்.

கேப்பின் உள்நாட்டில் பெரிய கரூ வறள்நிலத்தையும் சின்னக் கரூவையும் பிரித்து நிற்கிறது ஸ்வார்ட்பெர்க் மலைத்தொடர். அதைக் கடக்க முன்பே ஒரு வழி இருந்தது: மெய்ரிங்ஸ்பூர்ட் என்ற இடுக்கின் வழியே, ஆற்றங்கரையை ஒட்டி, ஆற்றையே 25 இடங்களில் குறுக்கே தாண்டிப் போகும் சாலை. 1858இல் அதைத் திறந்தார்கள். ஏற்றம் குறைவு, நிழல் உண்டு, வேலையும் எளிது. ஆனால் வெள்ளம் வந்தால் சாலை இல்லை. ஆறு போட்ட வழியை நம்பியவர்களுக்கு ஆறே அதைப் பறித்தது. எனவே மலையின் தலைமேல் ஏறிப் போகும் வழி தேவைப்பட்டது. முதலில் எடுத்த ஒப்பந்தக்காரர் கடனில் மூழ்கிப் பாதியில் விட்ட வேலையைத் தாமஸ் பெயின் 1883இல் ஏற்றார். 1888 ஜனவரி 10 அன்று சாலை திறக்கப்பட்டது. உச்சி 1,583 மீட்டர். இன்றும் அது தார் போடாத கப்பிச் சாலை. இந்த இரண்டு வழிகளையும் ஒரே நாளில் சுற்றாகப் போய் வர முடியும். போக வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஒரே மலை, இரண்டு விடை. இடுக்கில் மலை நம்மை விழுங்குகிறது, இரு பக்கமும் சுவர், வானம் ஒரு கீற்று. மேல்வழியில் தெற்கிலிருந்து ஏறும்போது சின்னக் கரூவின் பசுமை பின்னால் விரிந்துகொண்டே போகிறது. உச்சியைத் தாண்டி வடக்கே இறங்கினால் செங்குத்தான மடிப்புகள், மடங்கி முறுக்கிய சிவப்புப் பாறைச் சுவர்கள், கடைசியில் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊர். காட்சி மாறுவது மலையால் மட்டுமல்ல, கோடு மாறியதால்.

வடக்குச் சரிவில் நின்று மேலே அண்ணாந்து பார்க்க வேண்டியது அந்தத் தாங்கு சுவர்களை. சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், வெட்டி எடுத்த அதே மலைக்கல்லை அடுக்கியே எழுப்பியவை. பாறையை நெருப்பு மூட்டிச் சூடாக்கி, குளிர்ந்த நீர் ஊற்றிப் பிளந்தார்கள், வெடிமருந்தும் வைத்தார்கள். பிளந்த கல்லின் நீளவாட்டம் மலைக்குள் போகும்படி வைத்து, சுவர் சற்றே உள்வாங்கிச் சாயும்படி கட்டினார்கள். காரை பூசிய சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் அதன் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். இங்கே இண்டு இடுக்குகளில் நீர் கசிந்து வெளியேறிவிடுகிறது. பாரம் கல்லுக்குக் கல் உள்நோக்கி இறங்குகிறது. சாலைக்கு வயது 130ஐத் தாண்டியும் அவை வண்டிகளைத் தாங்குகின்றன. சுவர் எது, மலை எது என்று சற்றுத் தள்ளி நின்றால் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு நிறம் ஒன்றாகிவிட்டது. சாலை மலைக்கு ஒரு தழும்பு என்று வருந்துகிறவர்களுக்கு நான் காட்டும் பதில் இந்தச் சுவர். தழும்பாக நிற்கும் சாலைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. இயந்திரத்தால் அகலமாக வழித்து, மண்ணை எதிர்ச்சரிவில் கொட்டிவிட்டுப் போனவை அவை. குறை அங்கே சாலை என்ற எண்ணத்தில் இல்லை, கைப்பக்குவத்தில் இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் கைதிகள். பெயின்ஸ் குளூஃபிலும் ஸ்வார்ட்பெர்க்கிலும் சாப்மன்ஸ் பீக்கிலும் சிறைக்கைதிகளின் உழைப்பு இருந்தது. விரும்பி வராதவர்களின் வேர்வையை அழகு என்று ரசிக்கலாமா? ரசனையை விட்டுவிடுவது இதற்கு விடையாகாது. அப்படி விட்டால் அவர்களை இரண்டாம் முறை மறந்தவர்களாவோம். கோடு பெயினுடையது, கல் அவர்களுடையது. எந்தக் கல் எந்த இடைவெளியில் உட்காரும் என்று கண்டுபிடித்த கை பொறியாளருடையது அல்ல. சாலைக்குப் பெயர் பெயினின் குடும்பத்துக்குப் போயிற்று, கல் அடுக்கியவர்களுக்குப் பெயரே எஞ்சவில்லை. சாலையைப் புகழும் எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் முடியக்கூடாது. அந்தச் சுவரில் நான் காண்பது கொடுமையும் தேர்ச்சியும் சேர்ந்த ஒன்றை; ஒன்றுக்காக மற்றதை மறைக்க மாட்டேன்.

சுரங்கம் போட்டுவிட்டால் கணவாய் எதற்கு என்பதும் கேட்கப்படும் கேள்விதான். பார்ல் ஊருக்கும் வூஸ்டருக்கும் இடையே டு டாய்ட்ஸ்குளூஃப் கணவாய்ச் சாலை 1949இல் திறந்தது. இரண்டாம் உலகப் போரின் இத்தாலியப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 1988இல் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஹியூகனாட் சுரங்கம் அதே மலையைத் துளைத்து 11 கிலோமீட்டரை மிச்சப்படுத்தியது. லாரிகள் சுரங்கத்துக்குள் போய்விட, பழைய சாலை நிதானமாகப் போக விரும்புகிறவர்களுக்குக் கிடைத்தது. அவசரத்துக்குச் சுரங்கம் வேண்டும். அதை எதிர்ப்பது வீண்.

சாப்மன்ஸ் பீக்கின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். எந்தப் பாறைப்பொருத்து சாலைக்கு இடம் கொடுத்ததோ, அதன் மேலடுக்குகளே கல்லை உதிர்க்கின்றன. பாறை விழுந்து உயிர் போன பிறகு, 2000இல் சாலையை மூடினார்கள். 2003 டிசம்பரில் மறுபடி திறந்தபோது கல்லைப் பிடிக்கும் வலைகளும், ஒரு பக்கம் கடலுக்குத் திறந்த அரைச்சுரங்கமும், சுங்கக் கட்டணமும் வந்திருந்தன. வலைகள் கண்ணுக்கு உறுத்தல்தான். ஆனால் அரைச்சுரங்கம் நல்ல வேலை. மேலே கான்கிரீட் கூரை போட்டு மறைக்காமல், பாறைக்குள்ளேயே குடைந்து மலையைக் கூரையாக்கியிருக்கிறார்கள். பழைய கோட்டை மாற்றாமல் காப்பாற்றிய அந்த முடிவை டி வாலின் ஆட்களே ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஓட்டுகிறவருக்குக் கண் சாலையில்தானே, அவர் எதை ரசிப்பது என்பார்கள். என் கணக்கில் அவரே அதிகம் ரசிக்க முடிந்தவர். ஏற்றத்தின் அளவு அவருடைய கியரில் தெரிகிறது, வளைவின் ஆரம் ஸ்டியரிங்கில் தெரிகிறது. பக்கத்து இருக்கைக்காரருக்குக் காட்சி கிடைக்கிறது. ஓட்டுகிறவருக்குக் கோடு கிடைக்கிறது. மெதுவாகப் போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஸ்வார்ட்பெர்க்கின் கப்பி அதைத் தானே பார்த்துக்கொள்ளும். உலர்ந்த நாளில் சாதாரணக் கார் போதும். வாடகை வண்டியானால் கப்பிச் சாலைக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். மழை, கல்விழுதல் காரணமாக ஸ்வார்ட்பெர்க், சாப்மன்ஸ் பீக் இரண்டையும் மூடுவதுண்டு, கிளம்பும் முன் விசாரியுங்கள். அங்கேயும் நம்மைப் போல இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள். ஆகவே சாப்மன்ஸ் பீக்கை நூர்ட்ஹூக்கிலிருந்து ஹவுட் பே நோக்கி வடக்கே ஓட்டுங்கள்: கடல் உங்கள் பக்கம் இருக்கும், எதிர்வண்டியைக் குறுக்கே தாண்டாமல் ஒவ்வொரு காட்சிமேடையிலும் ஒதுங்கி நிற்கலாம்.