கூலி எவ்வளவு?

சில ஆண்டுகளுக்கு முன் ஆலைத் தொழிலாளி ஒருவனை வைத்து நான் ஒரு கதை எழுதினேன். ஒழுகும் கூரை, காலிப் பானை, இருமும் மனைவி எல்லாம் அதில் இருந்தன. படித்துக் கண்ணீர் விட்டதாகப் பலர் கடிதம் எழுதினார்கள். மதுரையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. அவனுக்கு வாரக் கூலியா, மாசச் சம்பளமா? எம்புட்டு? அதைச் சொல்லவே இல்லையே!"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் கதாநாயகன் ஏழை என்பது தெரியும். ஏன் ஏழை என்று நான் யோசித்ததே இல்லை.

ஏழையைப் பற்றி எழுதுகிற நம்மில் பலர் செய்கிற தவறுதான் இது. பங்களாவைக் காட்டுகிறோம், குடிசையைக் காட்டுகிறோம், இரண்டுக்கும் நடுவே ஓடுகிற கணக்கைக் காட்டுவதில்லை. வறுமை ஏதோ மழை வெயிலைப்போல வானத்திலிருந்து இறங்கியதாகிவிடுகிறது.

தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) இந்தத் தவறைச் செய்யவில்லை. அதில் நெசவாளியின் அடுப்பு அணைவதற்குக் காரணம் விதியல்ல, நூல். நூல் ஆலையில் பிறக்கிறது. தறி வீட்டில் இருக்கிறது. நடுவே வியாபாரி நிற்கிறான். நூல் கிடைக்காவிட்டாலும் துணி தேங்கினாலும் அடி விழுவது தறிக்காரன் வயிற்றில். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே ஒரு பக்கம் ஹார்வி மில் நூல் நூற்றது. இன்னொரு பக்கம் சௌராஷ்டிரர் வீதிகளில் தறி ஓடியது.

2012-ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவனை அங்கே இறக்கியது சாதி. ஏறவிடாமல் கட்டிப்போட்டது கடன். இந்த இரண்டையும் கூட்டினால்தான் அவனுடைய கூலி ஏன் அவ்வளவு குறைவு என்பது புரியும்.

ஜோலாவின் 'ஜெர்மினல்' (1885) நாவலிலும் வேலைநிறுத்தத்துக்கு வித்திடுவது ஒரு கணக்குத்தான். சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கும் வேலைக்குத் தனிக் கூலி என்று அறிவித்துவிட்டு, வெட்டியெடுக்கும் கரிக்கான கூலியைக் குறைக்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நஷ்டம் தொழிலாளிக்கு.

தமிழ் நாவல்கள் இரண்டிலும் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் பாத்திரம் ஒதுங்கிக்கொள்ள, மேடை பேசத் தொடங்கிவிடுகிறது. ஆனால் கணக்கில் பொய் இல்லை. அழகாக அழுகிற கதைகளைவிட அவை எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதனால்தான்.

இன்று கணக்கு மாறியிருக்கிறது. ஒரே இயந்திரத்தின் முன் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் நிற்கிறார்கள். வேலை ஒன்று, கூலி வேறு. அவர்களைப் பிரிப்பது பங்களாவின் மதில் அல்ல, ஒரு காகிதம். அதை எழுத வருகிறவர் முதலில் அந்த இருவரின் சம்பளச் சீட்டையும் வாங்கிப் படிக்கட்டும்.

பெரியவர் இப்போது இல்லை. அந்தக் கதையை நான் எந்தத் தொகுதியிலும் சேர்க்கவில்லை.