பட்ட நூலும் பட்டறிவும்

கலாநிதிப் பட்டத்திற்கென எழுதப்பெறும் நூல்களிற் பல, பட்டம் கிடைத்தவுடன் நூல்நிலையத்தில் உறங்கப் போவன. ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கர், யேல் பல்கலைக் கழகத்தில் அரசியல் நூல் மாணவராயிருந்து எழுதிய ஆராய்ச்சியோ மலேசியாவைப் பற்றியது; 1968-இல் நூலாக வெளிவந்தது. ஆதலின் அதனை நாம் சீர்தூக்கிப் பார்த்தல் முறையேயாம்.

உயர்தர உத்தியோகஸ்தர் 17 பேரை வினவி அவர்தம் அரசியற் கொள்கையை ஆராய்வது அந்நூல். மேலோரின் நம்பிக்கை என்று தலைப்பிலேயே எல்லை வகுத்தமையால், ஆசிரியரை நேர்மையற்றவர் என்னல் தகாது. ஆயினும் கட்டளையிடுவோன் மனம் அதிற் புலப்படுகிறதே யன்றி, அதனைச் சுமப்போன் மனம் புலப்படவில்லை.

இக்குறையைப் பிற்காலத்தில் அவரே நிறைவு செய்தார். 1978 முதல் 1980 வரை கெடா மாநிலத்து நெல்வயற் கிராமமொன்றில் ஆராய்ந்து, 'எளியோரின் ஆயுதங்கள்' எனப் பொருள்படும் நூலை 1985-இல் வெளியிட்டார். அறுவடை இயந்திரம் கூலியைப் பறித்தகாலை, ஏழைகள் கலகம் விளைத்தாரல்லர். வேலையைத் தாமதித்தனர், அறியாதார் போல் நடித்தனர், செல்வரைப் புறங்கூறினர். இதுவும் எதிர்ப்பே என்கிறார் ஆசிரியர். கங்காணிக்கும் கிராணிக்கும் அஞ்சி வாழ்ந்தோர் வழிவந்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். எனினும் முணுமுணுப்பு மானத்தைக் காக்குமே யன்றிக் கூலியை உயர்த்தாது. அதற்குச் சங்கமே வேண்டும் என்பது எம் துணிபு.

தோழர்களே! நும் மக்களுள் எவரேனும் தோட்டத்தைப் பற்றி ஆராய்ந்து பட்டம்பெறப் புகின், துரையின் பங்களாவோடு திரும்பாது லயத்துத் திண்ணையிலும் அமரச் சொல்லுங்கள். பட்டம் அவர்க்கு, நூல் நமக்கு.