ஓரத்தில் நின்ற குதிரைக்குட்டி

பெங்ட் பெர்ன்ட்ஸனை ஸ்வீடன் கால்பந்து ரசிகர்கள் ‘ஃபோலெட்’ என்று அழைத்தார்கள். குதிரைக்குட்டி என்று பொருள். 1951 முதல் 1967 வரை ஐ.எஃப்.கே. கோதன்பர்க் என்ற ஒரே கிளப்புக்கு, அதன் நீல வெள்ளைச் சட்டையில், ஆடி முடித்த விங்கர். இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது ‘விசுவாசம்’ என்ற சொல்லோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது குணத்துக்குத் தரும் பாராட்டு, ஆட்டத்துக்குத் தருவதல்ல. ஒரே இடத்தில் நீடிப்பது மற்ற எவரையும் விட விங்கருக்குத்தான் கடினமான சோதனை என்பது என் கட்சி.

விங்கரின் பிழைப்பே ஏமாற்றுதான். ஒருபுறம் கோடு, எதிரே ஒரு தடுப்பாளர். உள்ளே வெட்டுவது, வெளியே ஓடுவது என்று வழி இரண்டே. கோல்கீப்பருக்கும் நடுத் தடுப்பாளருக்கும் பரிச்சயம் துணை. விங்கருக்கு அதுவே பகை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது அவருக்காகவே சொன்னது போலிருக்கிறது. கிளப் மாறுகிறவர் பழைய வித்தையைப் புதிய ஊரில் புதிதாக விற்கலாம். தங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அன்றைய அல்ஸ்வென்ஸ்கான் லீக்கில் 12 அணிகள்தான். இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்துவந்த பருவத்தை ஒரே காலண்டர் ஆண்டுக்குள் கொண்டுவருவதற்காக, 1957-58 பருவத்தை 33 ஆட்டங்களாக நீட்டினார்கள். ஒவ்வொரு அணியையும் மும்முறை சந்திக்க வேண்டும். மூன்றாம் சந்திப்பில் தடுப்பாளருக்கு எந்தத் தோள் சாயும், எந்தக் காலில் பந்து தங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்தப் பருவத்தின் சாம்பியன் பெர்ன்ட்ஸனின் கோதன்பர்க்.

உண்மையான மேதைகள் வெளியேறிவிட்டார்களே என்று கேட்கலாம். நாக்கா ஸ்கோக்லுண்ட் 1950-இல் இன்டர் மிலானுக்கும், குர்ட் ஹம்ரின் 1956-இல் யுவென்டஸுக்கும் போனார்கள். 1958 உலகக் கோப்பை ஸ்வீடனிலேயே நடந்தபோது வலது ஓரம் ஹம்ரினுக்கே. காலிறுதி உறுதியான பிறகு, முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு தந்து வேல்ஸுடன் 0-0 என்று முடிந்த ஆட்டம் மட்டுமே பெர்ன்ட்ஸனுக்குக் கிடைத்தது. அவருடைய சொந்த ஊரான கோதன்பர்க்கில் நடந்த அரையிறுதியில், மேற்கு ஜெர்மனிக்கு எதிரான மூன்றாவது கோலை அடித்தவரும் ஹம்ரின்தான். ஹம்ரின் பெரிய கலைஞர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உலகக் கோப்பை ஒருமுறை ஏமாற்றினால் போதும் என்கிற மேடை. லீக் அப்படியல்ல.

சிறந்தவர்கள் போனபின் மிஞ்சிய லீக் எளிதாயிற்று என்பது இன்னொரு வாதம். இத்தாலிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் முன்வரிசைக்காரர்கள், நடுக்களத்தார். உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இடது பக்கம் காத்த ஸ்வென் அக்ஸ்போம், உள்ளூர் லீக்கில் நோர்ஷோப்பிங் அணிக்கு ஆடியவர். பெர்ன்ட்ஸன் ஆண்டுதோறும் சந்தித்த அணிகளில் அதுவும் ஒன்று. அவர் ஏன் தங்கினார், அழைப்பு வந்ததா இல்லையா என்பதெல்லாம் வரலாற்றாசிரியர் தேடிக்கொள்ளட்டும். தங்கியும் எப்படி எடுபட்டார் என்பதுதான் ரசிகனுக்கு வேண்டியது.

ஆட்டத்துக்குச் சம்பளம் கூடாது என்ற அமெச்சூர் விதியை ஸ்வீடன் 1967-இல் நீக்கியது. குதிரைக்குட்டி ஓட்டத்தை நிறுத்தியதும் அதே ஆண்டில்தான்.