இருபாலருக்கும் ஓர் அங்கி

1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரப் போலீஸார் பிறப்பித்த உத்தரவின்படி, ஆண் உடை தரிக்க விரும்பும் ஸ்திரீ முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. நெடுங்காலமாக வழக்கொழிந்து கிடந்த அந்த விதி செல்லாது என்று பிரெஞ்சு அரசாங்கம் அறிவித்ததோ 2013-இல்தான். அத்தகைய நகரத்தில், 1966-ஆம் வருஷம், இவ் சான் லோரான் என்ற உடைக்கலைஞர், கனவான்கள் மாலை விருந்துகளுக்கு அணிந்து வந்த கறுப்பு 'ஸ்மோக்கிங்' கோட்டையும் கால்சட்டையையும் ஸ்திரீகளுக்கென்றே தைத்து அரங்கேற்றியது சாமானிய காரியமன்று.

அதன் வேலைப்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். மங்கிய கறுப்புக் கம்பளித் துணியின்மேல் கழுத்து மடிப்பு மட்டும் ஸாட்டினாய் மினுங்க, அதே ஸாட்டினின் ஒரு கீற்று கால்சட்டையின் பக்கத் தையல் நெடுகிலும் இறங்கி வருகிறது. ஆணின் அளவைச் சுருக்கித் தைத்ததோடு நின்றுவிடாமல், தோளையும் இடையையும் பெண்ணுடம்பின் வளைவறிந்து வெட்டியிருப்பதில்தான், என் அபிப்பிராயத்தில், அந்தக் கலைஞரின் மேதாவிலாசம் இருக்கிறது.

பெண் உடை ஆண்களிடம் வந்து சேரும் எதிர்த்திசைப் பிரயாணம் வெகு தாமதமாகவே பிரபலமடைந்தது. 2015 ஜனவரியில், மிலான் நகரில், கூச்சி நிறுவனத்துக்காக அலெஸ்ஸாந்த்ரோ மிக்கேலே என்ற உடைக்கலைஞர், கழுத்தில் பெரிய முடிச்சிட்ட பட்டுச் சட்டையை வாலிபர்களுக்கு அணிவித்தார். அந்த முடிச்சு அவர்களுக்கு எத்தனை இயல்பாகப் பொருந்திற்று!

ஆயினும், எவருடைய உடம்புக்கும் பொருந்தாமல் தொளதொளவென்று தைத்ததை இருபாலருக்கும் பொதுவென்று உயர்ந்த விலைக்கு விற்பதை நான் ஒப்பமாட்டேன். அணிபவரின் உடம்பை மதித்து, அளந்து, வெட்டிய உடையே அந்தப் பெயருக்குத் தகுதியுடையது.