விற்பவரே சாட்சி

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை எரிக்காமல் அழிக்க வேறு வழி உண்டா என்று அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க முகமை 2023 அக்டோபர் இறுதியில் பொது அறிவிப்பு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மருத்துவமனைகள், காலாவதி மருந்துகளைத் திரும்பப் பெறும் நிறுவனங்கள், அழிப்புச் சாதனம் தயாரிப்பவர்கள் என யாரும் எழுதலாம். களத்தில் இருப்பவர்களைக் கேட்டு விதி எழுதுவதே சரியான முறை என்று இதைப் பலர் மெச்சுகிறார்கள்.

கேட்பது நல்லதுதான். 2010இல் சட்டம் மாறும்வரை, வீட்டில் மிஞ்சிய இத்தகைய மாத்திரைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கக்கூட வழி இல்லை. 2014 விதிகள் அதைத் திறந்துவிட்டன. பூட்டிய சேகரிப்புப் பெட்டி, உள்ளுறையை மாற்றும்போது இரண்டு ஊழியர்கள் என்று அவை வகுத்த ஏற்பாடுகளில் நடைமுறை அறிவு இருக்கிறது. எரியுலை எல்லா ஊருக்கும் அருகில் இல்லை என்பதும், பிவிசி எரிந்தால் டையாக்ஸின் வரக்கூடும் என்பதும் உண்மை. மாற்றுவழி தேடுவதில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு வேறு இடத்தில். மருந்து அழிந்ததா இல்லையா என்பதற்கு இங்கே சாட்சி சொல்பவர் யார்?

2014 விதி ஒரு நிலையை மட்டுமே வரையறுக்கிறது. மருந்தின் தன்மை நிரந்தரமாக, திரும்ப முடியாதபடி மாறியிருக்க வேண்டும். அதை மறுபடி அதே மருந்தாகவோ அதையொத்த பொருளாகவோ ஆக்க முடியக் கூடாது. எந்த முறையில் என்று விதி சொல்லவில்லை. எவ்வளவு எச்சம் இருக்கலாம், அதை எந்தச் சோதனையால் அளப்பது என்பதும் அதில் இல்லை. தனித்தனி முறைகளைத் தான் சோதிக்கவோ அங்கீகரிக்கவோ போவதில்லை என்று முகமை அப்போதே சொல்லிவிட்டது. காபித்தூளில் கலப்பதும் கழிப்பறையில் ஊற்றுவதும் போதாது என்றது. தனக்குத் தெரிந்து எரிப்பு ஒன்றே தேறுகிறது என்றும் சொல்லிவந்தது. மற்றதெல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. அங்குள்ள மருந்தாளுநரிடம் வேதியியல் ஆய்வகம் கிடையாது. அவர் கையில் இருப்பது விற்பனையாளர் தந்த துண்டறிக்கை.

கரிப் பையை எடுத்துக்கொள்வோம். உள்ளே கிளர்வூட்டிய கரித்தூள் இருக்கும். மாத்திரைகளைப் போட்டு, வெதுவெதுப்பான நீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, வாயை ஒட்டிக் குலுக்கிக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். கரைந்த மருந்து கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மூலக்கூறு உடைவதில்லை. தண்ணீரில் ஒட்டியது, ஏற்ற கரைப்பானில், உதாரணமாக எத்தனாலில், ஓரளவு கழன்று வரும். கழன்று வருவது எவ்வளவு என்பது மருந்தையும் கரியின் அளவையும் ஊறிய நேரத்தையும் பொறுத்தது. ஒரு குழந்தை கையை விட்டு எடுக்காமல் தடுக்க இந்தப் பை உதவலாம். விதி கேட்பதோ அதைவிட மிகக் கடுமையான ஒன்று. அந்த இடைவெளியை அளந்து சொல்ல வேண்டிய கட்டாயம் பையை விற்பவருக்கு இல்லை. தனக்குச் சாதகமான சோதனையை மட்டும் அவர் இணைத்து அனுப்பலாம். முகமையோ அதைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. எரியுலை நடத்துபவர் எரிப்பே சிறந்தது என்றுதான் எழுதுவார். புகைபோக்கிக்குக் கீழ்க்காற்றில் குடியிருப்பவர் எழுதவே மாட்டார். வேலிக்கு ஓணான் சாட்சி சொன்னால் வழக்கு என்ன ஆகும்?

இதே கோளாறு வார்டுக்குள்ளும் இருக்கிறது. இரண்டு மில்லி ஃபென்டனில் குப்பியில் 100 மைக்ரோகிராம் மருந்து. நோயாளிக்குத் தேவை 50 என்றால் மீதி சிரிஞ்சில் நிற்கும். இரண்டு செவிலியர் பார்த்துக் கையெழுத்திட்டு அதைக் கொட்டுகிறார்கள். இந்த எச்சத்துக்கு மேற்சொன்ன அழிப்பு வரையறை பொருந்தாது என்று 2014 அக்டோபரிலேயே முகமை கடிதம் எழுதிவிட்டது. மருத்துவமனைக்குள் மருந்து திருட்டுப்போகும் வழிகளில் இந்தச் சிரிஞ்சும் ஒன்று. அங்கே நிற்கும் செவிலியரை விட்டுவிட்டு, தொழில்நுட்பம் விற்பவரிடம் வழி கேட்பதை ஆலோசனை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

சோதனை முறையை வகுப்பது அரசால் முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. கழிவுநீரில் இன்ன பொருளை இன்ன முறையில்தான் அளக்க வேண்டும் என்று அதே நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வு முறைகளைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. ஆலைகள் அதன்படிதான் அளக்கின்றன. கட்டுப்பாட்டு மருந்துக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும்: எந்தக் கரைப்பான், எத்தனை மணி நேரம், எந்த வெப்பம், எச்சம் எந்த வரம்பைத் தாண்டினால் தோல்வி. சோதனைக் கட்டணத்தை விற்பவர் கட்டட்டும். ஆய்வகத்தை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேறிய சாதனங்களோடு தேறாதவற்றின் பெயரும் வெளியாக வேண்டும். தொழில்துறையின் கருத்தை அதற்குப் பிறகு கேட்கலாம்.