‘ஸ்பார்க்ஸ்’ செயலி: நல்ல விளையாட்டு, ஆனால் அதுவே போதுமா?

பதின்ம வயதினரின் மனச்சோர்வுக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய விளையாட்டு ‘ஸ்பார்க்ஸ்’. முதலில் கணினியில், பிறகு கைப்பேசியில் வந்தது. மொத்தம் ஏழு பகுதிகள். இருண்டுபோன ஒரு கற்பனை உலகை மீட்க வேண்டும். வழியில் பறந்துவரும் சோர்வு எண்ணங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மனத்தில் தோன்றுவதெல்லாம் உண்மையில்லை என்ற பாடம் இங்கே அறிவுரையாக வரவில்லை, பிள்ளை தன் கையால் செய்யும் வேலையாக வருகிறது. இதுதான் அதன் பலம்.

2012இல் வெளிவந்த ஆய்வில் 12 முதல் 19 வயது வரை 187 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான சிகிச்சைக்கு இது குறைந்ததல்ல என்பது முடிவு. அப்படின்னா செயலியே போதுமா? இங்கேதான் கவனிக்கணும். அந்த 187 பேரும் மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ ஏற்கெனவே உதவி தேடி வந்தவர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் அதிகம் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. 2014இல் நியூசிலாந்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது, பலர் ஓரிரு பகுதிகளோடு நிறுத்திவிட்டார்கள்.

மாணவர்களே, ‘செயலி மனச்சோர்வைக் குணப்படுத்தும்’ என்று கட்டுரையை ஒரே வரியில் முடிக்காதீர்கள். யாருக்கு, யார் துணையோடு என்று கேட்டு எழுதுங்கள்.

ஆசிரியர்களே, வாடியிருக்கும் பிள்ளையிடம் செயலியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே தேடி வந்த உதவி இங்கே இல்லாமல் போகிறது. முதலில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். செயலி அதற்குப் பிறகுதான்.