மெய்நிகர் விளையாட்டுக் கருவிகள் மூன்று: ஓர் ஒப்புநோக்கு

'மெய்நிகர்' என்னும் சொல்லை இன்று இடைநிலைப்பள்ளி மாணவனும் தயக்கமின்றி வழங்குகிறான். ஆக்கியோர் நல்ல சொல்லையே ஆக்கினர். நிகர்த்தல் என்பது ஒத்தல். 'நிகர' என்பதை நன்னூலார் உவம உருபுகளுள் ஒன்றாக வைத்து ஓதினார். ஆகவே மெய்நிகர் எனப்படுவது மெய்யன்று, மெய்யைப் போல்வது என்பது சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. ஓர் உவமையை ஆராயப் புகுவோன், இஃது எதனை ஒத்தது என்று கேட்பதோடு நில்லாது, எவ்வகையால் ஒத்தது என்றும் கேட்டல் வேண்டும். வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியனார் அதற்கு நான்கு வழிகளை வகுத்துத் தந்துள்ளார். தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் மெய்நிகர்க் கருவிகளை மதிப்பிடவும் அந்நான்கும் போதும் என்பது என் துணிபு. இலக்கணத்தை இவ்வளவு தூரம் இழுக்கலாமா எனப் புலவர்கள் சினந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இவ்வாராய்ச்சிக்கு இப்போது என்ன தேவை என அன்பர்கள் வினவலாம். பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, பையன் இந்தக் கண்ணாடியைக் கேட்டு அடம் பிடிக்கிறான், எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?" என்கின்றனர். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் 299 அமெரிக்க டாலருக்கு வெளிவந்தது. அன்றைய மாற்று விலையில் அது ஏறத்தாழ 1,300 வெள்ளி. மூன்றனுள் மலிவானது இது. இதற்கே அத்தகைய சம்பளத்தில் முக்கால் பங்கு போய்விடும். அந்தத் தந்தைக்கு மழுப்பலாக விடை சொல்லுதல் தகாது.

என் பழைய மாணவர் ஒருவர், கணினித் தொழிலில் இருப்பவர், குவெஸ்ட் 3எஸ், அதன் மூத்ததாகிய குவெஸ்ட் 3, சோனியின் பிளேஸ்டேஷன் விஆர்2 ஆகிய மூன்றையும் வைத்திருக்கிறார். அவர் உதவியால் வார இறுதிகள் பலவற்றில் மூன்றையும் அணிந்து பார்த்தேன். ஐம்பது கடந்தவனின் கண்ணும் கழுத்தும் கண்டவை இவை என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்க.

இக்கருவிகளின் அடிப்படை புதிதன்று. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மனம் அவற்றை ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கொள்ளும் என்பதை ஆங்கில அறிஞர் சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-இலேயே விளக்கினார். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து அமைத்த தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. 1995-இல் ஜப்பானிய நின்டெண்டோ விற்ற 'வெர்ச்சுவல் பாய்' கறுப்புத் திரையில் சிவப்பு ஒன்றையே காட்டியது. ஓராண்டு நிறைவதற்குள் சந்தையில் தோற்றது. 2016-இல் ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கு வந்தபோதும், அதனை இயக்க விலையுயர்ந்த கணினி ஒன்று வேண்டியிருந்தது. 2019-இல் வந்த முதல் குவெஸ்ட்தான் கணினியும் கம்பியும் இல்லாமல் தானே இயங்கி, கைகளின் அசைவையும் அறிந்து, சாதாரண வீட்டுக்குள் புகும் வழியைத் திறந்தது.

உருவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், மதிப்புரை எழுதுவோர் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிடுகின்றனர். ஒரு கண்ணுக்கு எத்தனை படப்புள்ளிகள் என அட்டவணை போட்டு, எண் பெரிதாக உள்ளதே சிறந்தது என முடித்துவிடுகின்றனர். குவெஸ்ட் 3-இல் 2064-க்கு 2208. சோனியின் கருவியில் 2000-க்கு 2040. குவெஸ்ட் 3எஸ்-இல் 1832-க்கு 1920. இவ்வெண்களை மட்டும் கொண்டால் முதலிரண்டும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். கண்ணில் வைத்தால் அவை வெவ்வேறு குடும்பம். சோனியின் கருவியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைந்தால் முழு இருள். அச்சமூட்டும் விளையாட்டொன்றில் இருண்ட மாளிகைக்குள் நுழைந்தபோது, அந்த இருட்டு இருட்டாகவே இருந்தது. குவெஸ்ட் இரண்டிலும் இருள் என்பது சாம்பல் நிறம். ஆயினும் குவெஸ்ட் 3-இன் வில்லை, ஒளியைத் தனக்குள்ளேயே மடித்து அனுப்பும் மெல்லிய வகை. காட்சியின் ஓரம் வரை எழுத்துகள் தெளிவாக உள்ளன. மற்ற இரண்டிலும் இருப்பது பிரெனெல் வில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெஞ்சுக்காரர் பிரெனெல் அமைத்த வளையப் படிகளின் வழிவந்தது அது. விளக்கின் ஒளியைக் கடலுக்கு அனுப்ப நல்லது. கண்ணருகே வைத்தாலோ, கரிய பின்புலத்தில் வெண்ணிற எழுத்தைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் சிதறுகின்றன.

வினையில் மூன்றும் தேர்ச்சி பெற்றவை. கையை வீசினால் காட்சியிலும் கை வீசுகிறது, தாமதம் உணரப்படவில்லை. சோனியின் கைக்கருவியில் விசையை அழுத்தும்போது வில் நாண் இழுப்பது போன்ற எதிர்ப்பு விரலில் தெரிகிறது. இது வேறெதிலும் இல்லாத நயம். ஆனால், அதன் பின்னால் நான்கரை மீட்டர்க் கம்பியொன்று வால் போல் தொடர்கிறது. இரண்டு முறை திரும்பினால் காலைச் சுற்றிக்கொள்ளும்.

இனி, மெய். உடம்பு என்னும் பொருளையும் இதனோடு சேர்த்துக்கொள்கிறேன். வாங்குவோர் கேட்க மறப்பது இதனையே. குவெஸ்ட் இரண்டும் அரைக் கிலோவைச் சற்றே தாண்டுவன; சோனியுடையது 560 கிராம். எடை முழுவதும் முகத்தின் முன்னே நிற்பதால், நெம்புகோல் விதிப்படி, சுமப்பது பிடரித் தசை. பெட்டியோடு வரும் துணிப்பட்டையைக் கொண்டு முக்கால் மணி நேரத்துக்குமேல் குவெஸ்டை அணிய என்னால் இயலவில்லை. சோனியின் வளையம் நெற்றியில் அமர்வதால், எடை மிகுந்தும் இதமாக உள்ளது. மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு இன்னொரு செய்தி: இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரத்திற்கேற்ப வில்லைகளை நகர்த்த வேண்டும். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருப்பி நுணுக்கமாக அமைக்கலாம். 3எஸ்-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள். இடையில் உள்ளவர் ஏதேனும் ஒன்றனுக்கு இணங்கிப்போக வேண்டியதுதான்.

குமட்டலையும் இங்கே சொல்ல வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். அங்கே காதினுள் உள்ள அரைவட்டக் குழல்கள் 'நகர்கிறோம்' என்று சொல்ல, பேருந்தின் உட்புறத்தையே பார்க்கும் கண் 'நிற்கிறோம்' என்று சொல்கிறது. தலைக்கருவியில் இது தலைகீழ். கண் ஓடுகிறது, காது நிற்கிறது. இது கருவியின் விலையைப் பொறுத்தது அன்று. பெரிதும் விளையாட்டின் அமைப்பைப் பொறுத்தது. செக் நாட்டினர் ஆக்கிய 'பீட் சேபர்' என்னும் விளையாட்டில் நாம் நின்ற இடத்திலேயே நின்று, இசைக்கேற்பப் பறந்துவரும் கட்டைகளை ஒளிவாளால் வெட்டுகிறோம். எனக்குச் சிறிதும் தலை சுற்றவில்லை, வியர்வைதான் கொட்டியது. சோனியின் 'கிரான் டூரிஸ்மோ 7' கார்ப் பந்தயத்திலோ, காட்சியின் அழகை வியந்துகொண்டிருக்கும்போதே வயிறு புரண்டது.

எஞ்சியது பயன். பெற்றோர்க்கு வேண்டிய விடை இங்கேதான் இருக்கிறது. பயனை அளக்க நான் கொள்ளும் கோல் எளியது: மூன்று மாதம் கழித்தும் அக்கருவி தூசி படியாமல் இருக்குமா? மூன்றாண்டு கழித்தும் அதற்கெனப் புது விளையாட்டு வருமா?

சோனியின் கருவி 2023 பிப்ரவரியில் 549.99 டாலருக்கு வந்தது. அதனை இயக்கும் பிளேஸ்டேஷன் 5, 2020-இல் வெளிவந்தபோது அதைவிடக் குறைவாக, 499.99 டாலருக்கு விற்றது. பல்லக்கைவிட அதன் திரைச்சீலை விலை கூடிய கதை இது. 2025 மார்ச்சில் 399.99 டாலராகக் குறைத்தனர். ஆனால், விலை இறங்கியதால் விளையாட்டுகள் பெருகிவிடவில்லை. முதல் பிளேஸ்டேஷன் விஆர் கருவிக்காக வாங்கிய விளையாட்டுத் தட்டுகள் இதில் ஓடா. அம்முதற்கருவிக்கு நல்ல விளையாட்டுகள் செய்த தம் லண்டன் கூடத்தையும் சோனியார் 2024-இல் மூடினர். உருவில் முதன்மை பெற்ற கருவி பயனில் இடறி விழுவதைக் காண வருத்தமாகவே உள்ளது. 2024 ஆகஸ்டு முதல் விற்கும் இணைப்பானைக் கொண்டு கணினியோடும் பூட்டலாம். அதற்கு வலிய கணினி வேண்டும், செலவு இன்னும் ஏறும்.

குவெஸ்ட் இரண்டனுக்கும் மூளை ஒன்றே, ஒரே சில்லு. 499 டாலருக்கு வெளிவந்த குவெஸ்ட் 3-இல் ஓடும் விளையாட்டு அனைத்தும் 299 டாலருக்கு வெளிவந்த 3எஸ்-இலும் ஓடும். 'பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ'வை இரண்டிலும் ஆடிப் பார்த்தேன், ஓரங்களின் தெளிவைத் தவிர வேறுபாடு சொல்லத் தெரியவில்லை. கூடுதல் விலை வில்லைக்கும் படப்புள்ளிக்கும் கொடுப்பதேயாகும். மூக்குக்கண்ணாடி அணிவோரும், விளையாட்டோடு படிக்கவும் பயன்படுத்த எண்ணுவோரும் அதனைக் கொடுக்கலாம். விளையாட்டு ஒன்றே கருத்தாயின் 3எஸ் போதும். அட்டவணையில் கடைசியில் நிற்பதையே நான் முதலில் வைக்கிறேன். ஆப்பிளின் விஷன் புரோ 2024-இல் 3,499 டாலருக்கு வந்தது. விளையாட்டுக் கைக்கருவி இன்றியே வந்த அதனை இவ்வரிசையில் சேர்ப்பதற்கில்லை.

மெட்டாவின் மலிவை வள்ளன்மை என மயங்கவும் வேண்டா. இத்தகைய கருவிகளைச் செய்யும் அதன் பிரிவு 2024-இல் மட்டும் 1,770 கோடி டாலர் நட்டம் காட்டியது. நட்டத்தில் நடக்கும் கடையின் விலை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 2-இன் விலையை 2022 ஆகஸ்டில் 100 டாலர் உயர்த்தினார்கள் அல்லவா? 399 டாலருக்கு விற்ற முதல் குவெஸ்டிற்குப் புது வசதிகள் இனி இல்லை என 2023-இல் அறிவித்துவிட்டனர். நான்கே ஆண்டுகள்! நம் வீட்டுத் தையல் இயந்திரங்கள் எத்தனை ஆண்டு ஓடின என்பதை எண்ணிப் பார்க்கிறேன். எனவே, இத்தகைய கருவியின் ஆயுளை நான்காண்டு எனக் கணக்கிட்டு, அந்நான்காண்டில் வாங்கப்போகும் விளையாட்டுகளின் விலையையும் கூட்டிப் பார்த்தபிறகே கையை நீட்டுக.

பிள்ளையின் வயதையும் பார்க்க வேண்டும். மெட்டா தன் வயதெல்லையை 2023-இல் பதின்மூன்றிலிருந்து பத்தாகத் தாழ்த்தி, பெற்றோர் கணக்கின்கீழ் அனுமதித்தது. சோனி பன்னிரண்டுக்குக் கீழ் வேண்டா என்கிறது. அருகில் வரும் பொருளை நோக்கிக் கண்மணிகள் உள்நோக்கித் திரும்பினாலும், கண்ணின் குவியமோ எப்போதும் ஒரே தொலைவில் நிற்கிறது. இப்பிணக்கு கண்ணைச் சோர்வுறுத்துவது. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தருமாறு நான் எவரிடமும் சொல்லேன். வீட்டின் அளவும் உண்டு: நடமாடி ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். மின்விசிறி தாழ்ந்து தொங்கும் அடுக்குமாடி வீட்டில் ஒளிவாள் வீசுவோன் கை விசிறியில் படும்.

பழையதாய் வரும் குவெஸ்ட் 2-ஐ வாங்க எண்ணுவோர்க்கு ஒரு சொல். 'பீட் சேபர்' ஒன்றுக்காக வாங்கினால் நட்டமில்லை. ஆனால், மேலே சொன்ன 'பேட்மேன்' அதில் ஓடாது. விற்பவர் இதனைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பணம் கொடுக்குமுன், பையன் ஆட விரும்பும் விளையாட்டின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், அதனை அக்கருவியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.